எங்கே படுத்தீங்க?

ஆகஸ்ட் 15 நாடு முழுக்க லீவு. 16 எங்களுக்கு மட்டும் லீவு.

காரைக்கால்காரர்களுக்கு இது தெரியும். வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அதனால் புதுச்சேரி மாநிலத்துக்கு அடுத்தடுத்து ரெண்டு நாள் விடுமுறை. 16ஆம் தேதி காலையில் வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகப்பட்டினம் மாவட்டத்துப் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். நம்ம பிள்ளைகள் கார் ஜன்னலில் தலையை நீட்டி டாட்டா காட்டுவார்கள். அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

இந்த வாரமும் நிறைய பேர் பெட்டி கட்டிக்கொண்டு இருப்பீர்கள். ரெண்டு நண்பர்கள் எங்கே கூடாரம் அடிக்கலாம் என்று இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. சம்பந்தப்பட்டவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்க.

கார் எடுத்துக்கொண்டு சும்மா சுற்றுவதற்கு நம்ம ஊர் மாதிரி வசதி எங்கேயும் இல்லை என்பேன். பெட்ரோல் மலிவு என்பதை விட்டுவிடுங்கள். வடக்கே அரை மணியில் தரங்கம்பாடி, 1620ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை. இன்னும் கொஞ்சம் போனால் பூம்புகார். மேற்கே திருநள்ளாறு. தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஒரே நாளில் கோயில், தர்கா, மாதா கோயில் மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கொஞ்சம் தெம்பு இருந்தால் ஈசிஆரில் தெற்கே இறங்கி வேதாரண்யம், கோடியக்கரை வரை போகலாம். ரோட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்கே தூக்கம் வரும்.

இந்தத் தட்டையான பூமியில் நமக்கு எதன் மேலும் பயம் வருவதில்லை. ஏற்காடு, கொடைக்கானல் போனால் அட்டை, காட்டெருமை, பனி என்று ஆயிரம் ஜாக்கிரதை பண்ணுவோம். வேதாரண்யத்துக்குப் போவது சித்தப்பா வீட்டுக்குப் போகிற மாதிரி.

அந்த வருஷம் நாங்கள் மூன்று குடும்பம், ரெண்டு கார். நான், என் மனைவி, பிள்ளைகள். என்னோடு பள்ளியில் படித்த நண்பர் ஒருவர் குடும்பம், எதிர்வீட்டு பாய் குடும்பம். கூட என் மச்சினன். அப்போது அவனுக்கு 24 வயசு, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. கூடாரம் அடிக்கலாம் என்பது அவன் யோசனைதான். யூடியூபில் பார்த்துப் பார்த்து, ஆன்லைனில் ரெண்டு டென்ட் வாங்கி வைத்திருந்தான். "மாமா, லாட்ஜ்ல தங்குறதெல்லாம் ஒரு டிரிப்பா?" என்றான். 

கோடியக்கரை 1967லிருந்து சரணாலயம். வெளிமானைக் காப்பாற்றுவதற்காக அறிவித்தது. 2002ல் ராம்சார் பட்டியலிலும் சேர்த்தார்கள். அந்தக் காட்டுக்குள்ளே நம் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்கக் கூடாது. எனவே வேதாரண்யம் பக்கத்தில் நண்பரின் பெரியப்பாவுக்கு இருந்த தென்னந்தோப்பில் தங்குவது என்று முடிவானது.

போகும் வழியெல்லாம் திருவிழாதான். நாகூரில் வாடாவும் தம்ரூட்டும். வேளாங்கண்ணியில் பிள்ளைகளைக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கவிடாமல் நானும் பாயும் சுவர் மாதிரி நின்றோம். (கடல் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். அது இதைவிடப் பெரிய கதை.) அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் பக்கத்தில் போட்டோ. திருச்சியிலிருந்து இங்கே வரை ராஜாஜி நடந்தே வந்தார் என்றதும் என் பையன், "ஏன், அவருக்கு லீவு இல்லையா?" என்றான். சாயங்காலம் கோடியக்கரையில் மான்களைப் பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் தோப்புக்கு வந்தோம்.

2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். பெரியப்பாவின் பழைய மரங்கள் எல்லாம் அந்த ஒரு ராத்திரியில் படுத்துவிட்டன. இப்போது நிற்பது அதற்கப்புறம் வைத்த கன்றுகள். தோப்பு ஓரத்தில் பம்ப்செட் ரூம், அதை ஒட்டி ஆள் உயரத்துக்குத் தேங்காய் மட்டைக் குவியல், கீற்று அடுக்கு. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஒரு மழை பெய்திருந்தது. இதையெல்லாம் இப்போது சொல்லும்போது ஒன்று விடாமல் ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் கண்ணில் பட்டதே தவிர மனசில் ஏறவில்லை.

பெரியப்பாவுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். டென்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரும் தரையில படுக்காதீங்க தம்பி. வீட்ல கயித்துக் கட்டில் நாலு கெடக்கு, ஆளை விட்டுக் கொண்டாரச் சொல்றேன்" என்றார்.

"வேணாம் பெரியப்பா, ஒரு நாள்தானே" என்றேன். இதைச் சொன்னது நான். கூட்டத்தில் இருந்த ஒரே டாக்டர்.

பாய் வீட்டு பிரியாணி, பாட்டு, சீட்டு எல்லாம் முடிய ராத்திரி பன்னிரண்டு ஆனது. பெண்களும் பிள்ளைகளும் டென்ட்டுக்குள் போய் ஜிப்பை இழுத்துக்கொண்டார்கள். நானும் நண்பர்களும் காரில் சீட்டைச் சாய்த்துப் படுத்தோம். மச்சினனுக்கு டென்ட்டுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. பம்ப்செட் ரூம் பக்கம் காற்று வருகிறது என்று பாயை விரித்து வெளியிலேயே படுத்துவிட்டான்.

மூணே முக்கால் மணி இருக்கும். கார் கண்ணாடியைத் தட்டினான். "மாமா, வயிறு வலிக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்றுதான் இருந்தது. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. ஒரு தடவை குமட்டியது என்றான். நான் சிரித்துக்கொண்டே, "மூணாவது தடவை பிரியாணி வாங்கும்போதே நெனச்சேன்டா" என்று சொல்லி ஒரு பான்டோபிரசோலும் வயிற்றுப் பிடிப்புக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தேன். காரிலேயே படுக்க வைத்துவிட்டு நானும் படுத்துவிட்டேன். தூங்கியும்விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அஞ்சேகால் மணிக்கு டீ போட எழுந்த என் மனைவி அவனை எழுப்பப் போனவள் என்னை உலுக்கினாள். "என்னங்க, இவன் கண்ணு ஏன் இப்படிச் சொருவுது?"

இமை ரெண்டும் பாதிக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பாரு என்றால் நெற்றியைச் சுருக்கினான், இமை ஏறவில்லை. "ரெண்டு ரெண்டா தெரியுது மாமா" என்றான். மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

அதே நேரத்தில் பெரியப்பா மடை மாற்ற வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். என்ன என்றார். ராத்திரியிலிருந்து வயிற்று வலி என்றோம். அவர் அவன் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"புள்ள எங்க படுத்திருந்துச்சு?"

பாயைப் பார்த்தார். பாய்க்குப் பத்தடியில் இருந்த மட்டைக் குவியலைப் பார்த்தார். "வண்டிய எடுங்க தம்பி" என்றார்.

நண்பர்களே, டெல்டாவில் வேலை பார்க்கிற எந்த மருத்துவருக்கும் இது புது விஷயம் இல்லை. நானே பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விடியற்காலையில் வயிற்று வலி என்று ஒருத்தர் வந்தால், அவர் ராத்திரி தரையில் படுத்தாரா என்று கேள். அதற்கப்புறம் இமையைப் பார். ஆஸ்பத்திரியில் கேட்கத் தெரிந்த கேள்வியைத் தோப்பில், சொந்த மச்சினனிடம், பிரியாணி வாசனை போகாத கையோடு இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. டூர் வந்த இடத்தில் நான் டாக்டராக இல்லை, மாமாவாக இருந்தேன்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள். பகலில் சுருண்டு சோம்பிக் கிடக்கும். நடமாட்டம் எல்லாம் ராத்திரியில். எலி, பல்லி, தவளை, மற்ற பாம்புகள் இதன் சாப்பாடு. அதைத் தேடித்தான் மட்டைக் குவியலுக்கும் வீட்டுக்குள்ளேயும் வருகிறது. நம்மைத் தேடி வரவில்லை. தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடுகிறது.

பல் மிகச் சின்னது. பெரிய வலி இருக்காது, வீக்கம் இருக்காது. பல பேருக்குக் கடித்த தடமே தெரியாது. எறும்பு என்று சொறிந்துவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு, அதுகூடத் தெரியாதவர்களும் உண்டு. சில மணி நேரத்தில் வயிற்றைப் பிசைகிற வலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு விடுகிற தசைகள் நின்றுவிடும். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போகிற அந்த முனையை விஷம் கெடுத்துவிடுவதால் வருகிற வாதம் இது.

காரில் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். எச்சில் உள்ளே போய்ப் புரையேறாமல் இருக்கத்தான் ஒருக்களித்து. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். நாம் சாதாரணமாக 40ஐச் சுலபமாகத் தாண்டுவோம். அவன் முதலில் 22 வந்தான். உப்பளம் வந்தபோது 14. ஊருக்குள் நுழையும்போது 9. அப்புறம் எண்ணச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்தில் இருந்த அரசு மருத்துவமனைக்குத்தான் போனோம். டூட்டியில் இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவராக இருப்பார். நான் என்ன டாக்டர் என்றெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தடம் எங்கே என்று தேடி நேரத்தை விடவில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் வைத்தார்கள், உறைந்துவிட்டது. அப்படியென்றால் ரத்தத்தைக் கெடுக்கிற விரியன் வகை இல்லை, நரம்பு விஷம்தான். பத்து குப்பி விஷமுறிவு மருந்தை டிரிப்பில் ஏற்ற ஆரம்பித்தார். நாகப்பாம்பாக இருந்தால் பலன் தரும் என்று நியோஸ்டிக்மினும் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. மூச்சு தளர்ந்ததும் தொண்டையில் குழாய் போட்டு, கையால் பையை அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றி, வென்டிலேட்டர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

விஷமுறிவு மருந்து கொடுத்தும் ஏன் உடனே சரியாகவில்லை என்று என் மாமியார் கேட்டார்கள். நீங்களும் கேட்பீர்கள். அந்த மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விஷத்தைத்தான் பிடிக்கும். நரம்பு முனையில் போய் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்ட விஷத்தை அதால் எடுக்க முடியாது. அந்த முனைகள் தாமாகத்தான் திரும்ப வளர வேண்டும். அதற்கு நாள் ஆகும். அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மூணே முக்காலிலிருந்து அஞ்சேகால் வரை நான் தூங்கிய ஒன்றரை மணி நேரம் எதற்குச் சமம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அஞ்சு நாள் வென்டிலேட்டரில் இருந்தான். முதல் ரெண்டு நாள் கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. பாப்பா விரிந்து கிடந்தது, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு மூளை செத்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் கட்டுவிரியன் கடியில் தசைதான் படுத்திருக்கும், நினைவு முழுசாக இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் தலைமாட்டில் நின்று, "நான்தான்டா கொன்னுட்டேன் உன்னை" என்று ஒரு ராத்திரி அழுதேன்.

குழாயை எடுத்து, குரல் திரும்பி, கஞ்சி குடித்த அன்றைக்கு அவன் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம்: "நீங்க அழுதது கேட்டுச்சு மாமா. கையை அசைக்கணும்னு அவ்ளோ பாத்தேன், முடியல."

வென்டிலேட்டரில் ஒருத்தர் கிடந்தால் அவர் காது கேட்கிறது என்று நினைத்தே பேசுங்கள். சொத்து, செலவு, "இனிமே என்ன இருக்கு" என்பதையெல்லாம் வராண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரை தடம் கிடைக்கவில்லை. பாம்பும் கிடைக்கவில்லை. தேடவும் வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருவதால் எங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, அடிக்கப் போனவருக்கு இன்னொரு கடிதான் மிச்சம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்தே தயாராகிறது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது வேண்டாம். மிளகு காரமாக இருக்கிறதா, வேப்பிலை கசக்கிறதா என்று சோதிக்கிற நேரத்தில் ரெண்டு கிலோமீட்டர் போயிருக்கலாம். கடித்தது தெரிந்தால் அந்தக் கை காலை ஆட்டாமல் வைத்து, மோதிரம் மெட்டியைக் கழற்றிவிட்டு, 108ஐயோ கையில் இருக்கிற வண்டியையோ எது சீக்கிரமோ அதைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மந்திரிக்கிறவரை எதிரியாக்க வேண்டாம், டிஸ்சார்ஜ் ஆன பிறகு போய்க்கொள்ளுங்கள்.

போன முறை இதைப் பற்றிச் சின்னதாக எழுதியபோது ஒரு நண்பர், "டூர் போகும்போது அந்த மருந்தை வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?" என்று கேட்டார். கூடாது. அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும், அதைச் சமாளிக்க அட்ரினலின் தயாராக இருக்கிற இடத்தில்தான் ஏற்றவேண்டும். மருந்தைச் சுமப்பதற்குப் பதிலாக, தங்கப்போகிற இடத்திலிருந்து விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் எந்த வழி என்று கிளம்பும் முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவையுங்கள். பிரியாணிக்கு எந்தக் கடை என்று விசாரிக்கிற அக்கறையில் பாதி போதும்.

இது அபூர்வமான விஷயம், ஏன் பயமுறுத்துகிறீர்கள் என்பவர்களுக்கு: 2020ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீட்டின்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரியாக 58,000. அதில் கால் பங்குக்கு மேல் 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள். பாதிக்குக் கிட்ட ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில். காட்டைவிட வயலும் வாய்க்காலுமான தாழ்ந்த பூமியில்தான் அதிகம். நம்ம பூமி மாதிரியே. இந்தச் சாவுகளை 2030க்குள் பாதியாக்க மத்திய அரசு 2024ல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறது. நடந்தால் சந்தோஷம்.

ஆனால் இதைத் தடுக்கிற பொருள் நம்ம வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. கொசுவலை. நேபாளத்தின் தராய் சமவெளியில் செய்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில், வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி வெகுவாகக் குறைந்திருந்தது. வலையைத் தொங்கவிட்டால் போதாது, ஓரத்தைப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் சுற்றிலும் செருகவேண்டும். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது, போர்வை தரையில் தொங்காமல் இருக்கட்டும். டென்ட் என்றால் அடித்துணி சேர்த்துத் தைத்ததாக இருக்கவேண்டும். உள்ளே ஒருத்தர் போய் ஒருத்தர் வரும்போதெல்லாம் ஜிப்பை முழுசாக மூடுங்கள். புழுக்கமாக இருந்தால் வலை ஜன்னலைத் திறங்கள், ஆளை வெளியே அனுப்பாதீர்கள். மட்டை, விறகு, வைக்கோல், செங்கல் அடுக்கு, வரப்பு இவற்றிலிருந்து தள்ளி அடியுங்கள். சாப்பிட்ட மிச்சத்தைப் பக்கத்தில் கொட்டினால் எலி வரும், எலி வந்தால் அதன் பின்னாலேயே அதுவும் வரும். ராத்திரி ஒண்ணுக்குப் போகிறவர் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்கக் கூடாது. காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

அதற்கடுத்த வருஷம் சென்னைக்குக் காரில் போனபோது மச்சினன் வடநெம்மேலியில் வண்டியை நிறுத்தச் சொன்னான். மாமல்லபுரம் தாண்டி அதே ஈசிஆரில் இருக்கிறது முதலைப் பண்ணை. அந்த வளாகத்துக்குள்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978லிருந்து. நாட்டில் விஷமுறிவு மருந்து தயாரிக்கிற கம்பெனிகளுக்கு விஷம் போவதில் பெரும் பங்கு இங்கிருந்துதான். ஒரு இருளர் ஐயா பாம்பின் தலையைப் பிடித்து, துணி கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் கடிக்க வைத்தார். சொட்டு மஞ்சளாக இறங்கியது. கூட்டத்தில் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். இந்தச் சமூகத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள். 2023ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மச்சினன் கை தட்டவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு அந்த ஐயாவிடம் போய், "உங்க மருந்துலதாங்க நான் இருக்கேன்" என்றான். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டார்.

இந்த ஆகஸ்ட் 16க்கும் வேதாரண்யம்தான் போகிறோம். பிள்ளைகள் கேட்டதால் டென்ட்டும் வருகிறது. என் மனைவி கொசுவலை ஆறை வெயிலில் காயப்போட்டு, ஓட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று பெரியப்பா போன் செய்தார். மட்டைக் குவியலைத் தோப்பின் அந்தக் கடைசிக்கு மாற்றியாகிவிட்டதாம்.

"மொத்தம் எத்தனை பேரு தம்பி? பக்கத்து வீட்ல ரெண்டு கட்டில் சொல்லி வைக்கணும்" என்றார். எண்ணிச் சொன்னேன்.